‘நார்மல்’ என்று வந்த ரிப்போர்ட்

அம்மாவின் இடது முன்கையில், மணிக்கட்டிலிருந்து நான்கு விரல் தள்ளி, ஒரு தழும்பு இருக்கிறது. புளியங்கொட்டை அளவுதான். அந்த இடத்தில் மட்டும் தோல் வெளுத்து வழவழவென்றிருக்கும். 2015ஆம் ஆண்டு ஆடியில், மாரியம்மனுக்கு ஊற்றக் கூழ் காய்ச்சியபோது கொதி தெறித்துப் பட்ட இடம் அது. கொதிக்கும் கூழ் மேலே பட்டால் தண்ணீர்போல வழிந்து போகாது, ஒட்டிக்கொண்டு சுடும். அம்மா முந்தானையால் துடைத்துவிட்டுத் தொடர்ந்து கிண்டினாள். மறுநாள் கொப்புளம் உடைந்தது. அதன் பிறகு அந்தப் புண் ஆறுவதாகவே இல்லை. ஆவணி முழுவதும் நீர் கசிந்துகொண்டிருந்தது. புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போட்டபோதும் கையில் துணி சுற்றியிருந்தது.

சர்க்கரையாக இருக்கும் என்று தெருவே சொன்னது. பார்த்தோம், இல்லை. இரத்தசோகையும் இல்லை. ரிப்போர்ட்டைப் புரட்டிய மருத்துவர், “எல்லாம் நார்மல். உங்களுக்கு ஒன்றுமில்லை அம்மா. மனதைப் போட்டு அலட்டிக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான்” என்றார். அம்மா தலையாட்டினாள். வெளியே வந்து பஸ்ஸுக்காக நின்றபோது, “ஒன்றுமில்லையாம்” என்றாள் என்னிடம். நல்ல செய்தி கேட்டவளின் முகமாக அது இல்லை. செய்யாத குற்றத்துக்குத் திட்டு வாங்கியவள்போல இருந்தாள்.

நான் அப்போது ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்தேன். இன்று சேலத்தில் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். ‘நார்மல்’ என்ற சொல்லை ஒரு நாளைக்கு நூறு முறையாவது அச்சடித்துக் கொடுக்கிறேன். பலரும் அதைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். ஆனால் சிலருடைய முகம் வாடிவிடுகிறது. பெரும்பாலும் பெண்கள், நாற்பதைத் தாண்டியவர்கள். உடம்பு வலிக்கிறது, படபடக்கிறது, தூக்கம் இல்லை என்று மாதக்கணக்கில் சொல்லி, கடைசியில் யாரோ மனமிரங்கி ஆயிரம் இரண்டாயிரம் செலவழித்துப் பரிசோதிக்க அழைத்து வந்திருப்பார்கள். நார்மல் என்று வந்தால் வீட்டில் இனி அவர்களுடைய பேச்சு எடுபடாது. அந்த வாட்டம் எனக்கு நன்றாகத் தெரியும். அம்மாவின் முகத்தில் முதலில் பார்த்தது அது.

அந்த வருடங்களில் எங்கள் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று அந்த மருத்துவர் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீடு. முன்கட்டில் இரண்டு விசைத்தறிகள்; அப்பா கூலிக்கு நெய்கிறார். அப்பாவைப் பெற்ற அப்பாயிக்கு 2012இல் மறதி நோய் தொடங்கியது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள், பிறகு அப்பாவின் பெயரை, பிறகு தன் வீட்டை. இரவு இரண்டு மணிக்குத் தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவாள். தன் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்பாள். ஒருமுறை பட்டைக்கோவில் வரைக்கும் நடந்து போய்விட்டாள். அன்றிலிருந்து அம்மா தன் முந்தானையை அப்பாயியின் மணிக்கட்டில் தளர்வாக முடிந்துகொண்டு படுத்தாள். ஆறு வருடம். ஓர் இரவுகூட நான்கு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல அவள் தூங்கியதாக எனக்கு நினைவில்லை.

ஒன்றை மட்டும் அப்போதே கவனித்து வியந்திருக்கிறேன். தறி இரண்டும் தடதடவென்று ஓடும்போது அம்மா அயர்ந்து தூங்குவாள். தாழ்ப்பாள் ‘கிளிக்’ என்று அசைந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். தூக்கத்திலும் மூளை காதை மூடுவதில்லை. ஒலியின் அளவைவிட அதன் பொருளைப் பார்க்கிறது. பாதாம் பருப்பு வடிவில் மூளைக்குள் ஆழத்தில் இருக்கும் அமிக்டலா, எது ஆபத்து என்பதைப் பழகி வைத்துக்கொள்கிறது. அம்மாவின் அமிக்டலாவுக்கு ஆபத்து என்றால் தாழ்ப்பாள்.

அந்தச் சத்தம் கேட்ட நொடியில் உடம்புக்குள் இரண்டு செய்திகள் புறப்படுகின்றன. ஒன்று நரம்பு வழியாக உடனே போகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினைக் கொட்ட, இதயம் அடித்துக்கொள்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வயிற்றுக்குப் போகும் இரத்தம் கை கால் தசைகளுக்குத் திரும்புகிறது. இரண்டாவது, இரத்தத்தின் வழியே நிதானமாகப் போகும் செய்தி: மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் அதன் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி அட்ரினலுக்குச் சொல்ல, கார்டிசால் என்ற ஹார்மோன் ஊறுகிறது. அது உச்சத்துக்கு வர இருபது முப்பது நிமிடம் ஆகும். அதற்குள் அப்பாயியைப் பிடித்து வந்து, தண்ணீர் கொடுத்து, படுக்க வைத்தாகியிருக்கும். அம்மா இருட்டில் கண் திறந்து படுத்திருப்பாள். ஏன் தூக்கம் வரவில்லை என்று தன்னையே நொந்துகொள்வாள்.

கார்டிசாலைக் கெட்டது என்று சொல்லிவிடக் கூடாது. அது இல்லாவிட்டால் நாம் காலையில் எழவே முடியாது. விடியலில் ஏறி, பொழுது சாயச் சாய இறங்கி, நள்ளிரவில் அடிமட்டத்துக்குப் போவது அதன் இயல்பு. அதனால்தான் கார்டிசால் பரிசோதனைக்குக் காலை எட்டு மணிக்கு வரச் சொல்லி இரத்தம் எடுக்கிறோம். பத்து நிமிட ஆபத்துக்கு அது உயிர்காப்பான். ஆறு வருடம் நீடிக்கும் ஆபத்துக்காக அது படைக்கப்படவில்லை.

இதை அப்பாவிடம் ஒருமுறை தறியை வைத்துத்தான் விளக்கினேன். குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நிற்பதற்கு ஒரு சிறு முட்கரண்டிக் கம்பி இருக்கிறது. நூல் அந்தக் கம்பியைத் தொடும்வரை தறி ஓடும், தொடாவிட்டால் நின்றுவிடும். உடம்பிலும் அப்படி ஒன்று உண்டு. இரத்தத்தில் கார்டிசால் போதுமான அளவு ஏறியதும் மூளையே அதை உணர்ந்து, ‘போதும், நிறுத்து’ என்கிறது. அப்படி உணரும் பகுதிகளில் ஒன்று, நினைவுகளைச் சேர்த்துவைக்கும் ஹிப்போகாம்பஸ். அப்பா உடனே கேட்டார்: “கம்பி தேய்ந்து போனால்?” தேய்ந்து போனால் தறி வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும், துணியில் இடைவெளி விழும். அதுதான் நடக்கிறது என்றேன். அமெரிக்க நரம்பியல் அறிஞர் புரூஸ் மெக்யூவென் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தத் தேய்மானத்தைப் படிப்பதில்தான் செலவிட்டார். ஓயாத மன அழுத்தத்தில் வைத்த எலிகளின் ஹிப்போகாம்பஸில் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்குவதை அவருடைய குழு கண்டது. அழுத்தம் நீங்கினால் அந்தக் கிளைகள் மீண்டும் வளர்வதையும் கண்டது. இந்த இரண்டாவது செய்தியை நான் பலரிடம் சொல்லி வருகிறேன்.

அம்மாவின் புண்ணுக்கு வருகிறேன். படிப்பு முடிந்து வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஓர் இரவு, 1995இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஆய்வைப் படித்தேன். ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் செய்தது. மறதி நோய் கண்ட உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்கள். அதே வயதும் வருமானமும் உள்ள, அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்கள். எல்லோருடைய முன்கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரி சிறு காயம் ஏற்படுத்தி, ஆறும்வரை அளந்து பார்த்தார்கள். பொறுப்பு இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39 நாளில் ஆறியது. நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு 48 நாளுக்கும் மேல் ஆனது. ஒன்பது நாள் வித்தியாசம். நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களின் வெள்ளணுக்கள், காயத்தைச் சரிசெய்ய ஆட்களைத் திரட்டும் இண்டர்லூகின்-1 என்ற வேதிச் செய்தியைக் குறைவாகவே எழுப்பின.

முன்கை. பெண்கள். மறதி நோய். படித்துக்கொண்டிருந்தபோதே எழுந்து போய், தூங்கிக்கொண்டிருந்த அம்மாவின் கையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அவளுடைய புண் இதனால்தான் ஆறவில்லை என்று நான் சாதிக்கமாட்டேன். சுட்ட புண் வேறு, அளந்து வெட்டிய காயம் வேறு. பாத்திரம் தேய்க்கும் கையில் எந்தப் புண்ணும் காயத் தாமதமாகும். ஒரே ஒரு மனுஷியை வைத்து எதையும் நிறுவவும் முடியாது. ஆனால் “மனதைப் போட்டு அலட்டிக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான்” என்ற அந்த வாக்கியத்தில் உள்ள ‘அவ்வளவுதான்’ தவறு என்பது மட்டும் அன்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. மனம் அலைக்கழிந்தால் வெள்ளணு தாமதிக்கிறது. தோல் மூடத் தாமதமாகிறது. இதில் எது ‘ஒன்றுமில்லை’?

நம் மொழிக்கு இது புதிதும் அல்ல. பயந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்கிறோம். ஈரக்குலை நடுங்குகிறது, அடிவயிறு கலங்குகிறது, நெஞ்சு அடைக்கிறது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, பெற்ற வயிறு பற்றி எரிகிறது. உணர்ச்சி எந்த உறுப்பில் தெரிகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்து வைத்திருக்கிறோம். வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியலாளர் 1890களின் இறுதியில், புதிதாக வந்திருந்த எக்ஸ்ரே கருவியால் பூனைகளின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டு தவித்த மாத்திரத்தில் அதன் இரைப்பை அசைவது நின்றுபோனதைக் கண்டார். கரைத்த புளியை அவர் கண்ணால் பார்த்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

தொல்காப்பியம் உணர்ச்சிக்கு வைத்திருக்கும் பெயர் மெய்ப்பாடு. மெய்யில், உடம்பில், படுவது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. முதல் மூன்றும் எவருக்கும் புரியும். நான்காவதில்தான் ஒவ்வொரு முறையும் நான் நின்றுவிடுகிறேன். தம் இறை, அதாவது தமக்கு மேலே இருப்பவர். புலியும் திருடனும் வந்துவிட்டுப் போய்விடுவார்கள். மேலே இருப்பவர் போகமாட்டார். லண்டன் அரசு ஊழியர்களை 1967 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பதவி கீழே போகப் போக இதய நோயால் இறப்போர் அதிகமாவது தெரிந்தது. புகைபிடித்தலையும் இரத்த அழுத்தத்தையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் வித்தியாசம் முழுதாக மறையவில்லை. பாவு எப்போது வரும், கூலி எப்போது வரும் என்று சொல்லாத முதலாளியின் போனுக்காகக் காத்திருக்கும் அப்பாவின் தாடை இறுகுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

அப்பாவைச் சொன்னதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பாதி உண்மையோடு நின்றுவிடுவேன்.

அப்பாவுக்கு வருடக்கணக்கில் வயிற்றுப்புண் இருந்தது. விடியற்காலையில் எரிச்சல் தாங்காமல் எழுந்து உட்கார்ந்துவிடுவார். எல்லோரும் சொன்னது: “கவலைப்படுவதை விடு, புண் தானாக ஆறும்.” கவலைப்படுவதால்தான் புண் வந்தது என்று அப்பாவே நம்பினார். கவலைப்படுகிறோமே என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. ஆனால் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982இலேயே வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். இரைப்பைப் புண்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற சுருள் வடிவக் கிருமி இருக்கிறது. யாரும் நம்பாததால் 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியை வளர்த்துத் தானே குடித்து, வயிறு அழன்று அவதிப்பட்டுக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அப்பாவிடம் யாரும் கிருமியைப் பற்றிப் பேசவில்லை. ஒருவழியாக ஒரு மருத்துவர் பரிசோதித்து, இரண்டு வார மாத்திரை கொடுத்தார். புண் ஆறியது. அப்பாவின் கவலைகள் அப்படியேதான் இருந்தன.

ஆக, ‘எல்லாம் மனதுதான்’ என்ற பேச்சு இரண்டு பக்கமும் வெட்டுகிறது. அம்மாவிடம் அது உண்மையான பாரத்தை இல்லை என்றது. அப்பாவிடம் அது மருந்தால் தீரக்கூடிய நோயை அவருடைய குற்றமாக்கியது. புற்றுநோய் வந்தவரிடம் ‘நல்லதையே நினைத்திருந்தால் வந்திருக்காது’ என்று சொல்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருவது வெகுளி. அது கொடுமை. உணர்ச்சி உடம்பைத் தொடுகிறது என்பதற்கு, உடம்பின் ஒவ்வொரு நோயும் நாம் நினைத்ததால் வந்தது என்று பொருள் ஆகாது.

என் மேசையில் தினமும் நடப்பது ஒன்று. கொலுசுப் பட்டறையில் நெருப்போடு வேலை செய்யும் திடகாத்திரமான ஆள், ஊசியைப் பார்த்ததும் முகம் வெளுத்துச் சரிந்துவிடுவார். கூட வந்தவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்கவிடமாட்டேன். அது கோழைத்தனம் இல்லை. இரத்தத்தைக் கண்டதும் சிலருக்கு வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு, இதயத் துடிப்பு குறைந்து, இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடுகிறது. அவரைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. மூளைத்தண்டிலிருந்து கழுத்து வழியாக இறங்கி இதயம், நுரையீரல், குடல் என்று போகும் அந்த நரம்பின் இழைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, உடம்பிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோபவை. மூளை ஆணையிடுவதைவிட அதிகமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதனால் பயப்படுபவரிடம் ‘பயப்படாதீர்கள்’ என்று நான் சொல்வதில்லை; பயன் இல்லை. மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று விரைகிறது, விடும்போது தணிகிறது. ஆகவே, “விளக்கை அணைக்காமல் சுடரை மட்டும் அசைப்பதுபோல மெதுவாக ஊதுங்கள்” என்பேன். ஊதி முடிப்பதற்குள் ஊசி போட்டு எடுத்துவிடுவேன்.

2016இல், புண் ஆறிய அடுத்த கோடையில், ராசிபுரத்திலிருந்து சித்தப்பா வந்து மூன்று நாள் அப்பாயியைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அம்மாவை ஏற்காட்டுக்கு அழைத்துப் போனேன். முப்பது கிலோமீட்டர்தான். அதுவரை அவள் போனதில்லை. அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை, மொத்தம் இருபது. அம்மா கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு எண்களை வாய்விட்டு எண்ணினாள். பதின்மூன்றில் காது அடைத்தது. பதினேழில் தூங்கிவிட்டாள். வளைவுக்கு வளைவு தலை என் தோளுக்கும் சன்னலுக்குமாகச் சாய்ந்தது, விழிக்கவில்லை. காபித் தோட்டங்களும், சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருந்த மிளகுக் கொடிகளும் அவள் பார்க்காமலே கடந்து போயின. எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தோம். குளிர்ந்த காற்று, படகுகள், வறுத்த சோளம். நன்றாகத்தான் இருந்தாள். மணி நாலரை ஆனதும் விருட்டென்று எழுந்து, “அத்தைக்கு மாத்திரை” என்றாள். கையில் கடிகாரம் இல்லை. நான் கையைப் பிடித்தபோது மணிக்கட்டில் நாடி குதித்தது. எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. என் படிப்பு அப்படி. நூற்றுப் பத்து. மலை ஏறி ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்துக்கு வந்தும், அம்மாப்பேட்டைத் தாழ்ப்பாள் அவளுக்குள் இருந்தது. சாயங்காலம் லேடீஸ் சீட் என்ற மலைமுனையில் நின்று, கீழே சேலம் நகரம் விளக்கேற்றிக்கொள்வதைப் பார்த்தோம். எல்லோரும் வண்ணத்தைப் பார்த்தார்கள். அவள் எங்கள் தெருவைத் தேடினாள். சித்தப்பாவுக்குப் போன் செய்து பேசிய பிறகுதான் அவளால் அந்தக் காட்சியைப் பார்க்க முடிந்தது. இரண்டு நாள் ஓய்வு நான்கு வருடத்தைக் கழுவிவிடும் என்று எண்ணியிருந்தேன்.

அவளுக்கு அன்று வேண்டியிருந்தது சுற்றுலா இல்லை. வாரத்தில் இரண்டு இரவு வேறொருவர் கையில் அந்த முந்தானை இருந்திருக்க வேண்டும். நானோ அப்பாவோ அதைச் செய்திருக்கலாம். கேட்காமலே செய்திருக்கலாம். இதை எழுதும்போதும் எனக்கு அடிவயிறு கனக்கிறது. அந்த மருத்துவரும் ரிப்போர்ட்டை மூடிவைத்துவிட்டு, “வீட்டில் யாரையாவது பார்த்துக்கொள்கிறீர்களா? இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்?” என்று கேட்டிருக்கலாம். இந்த இரண்டு கேள்விகளை நான் இப்போது கேட்கிறேன். மருத்துவம் பார்க்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் இரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்திருக்கும் இரண்டு நிமிடத்தில் கேட்கலாம். பலர் பதில் சொல்லத் தொடங்கி, முடிக்க முடியாமல் அழுதிருக்கிறார்கள். அப்போது பரிசோதனைச் சீட்டின் ஓரத்தில், மருத்துவர் பார்க்கும்படி, ‘நோயாளியைப் பராமரிப்பவர், தூக்கம் மூன்று மணி நேரம்’ என்று எழுதச் சொல்லி அவர்களிடமே பேனாவைக் கொடுக்கிறேன்.

அப்பாயி 2018இல் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகும் ஏறக்குறைய ஒரு வருடம் அம்மா இரவு இரண்டு மணிக்கு விழித்தாள். பிறகு எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை.

போன வருடம் எங்கள் எதிர்வீட்டில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து படுக்கையாகிவிட்டார். அவர் மனைவிக்கு ஐம்பது வயதுக்குள் இருக்கும். ஒரு மத்தியானம் அம்மா சொல்லிக்கொள்ளாமல் அந்த வீட்டுக்குப் போய், “நான் உட்கார்ந்திருக்கிறேன், நீ போய்ப் படு கண்ணு” என்றிருக்கிறாள். முதல் நாள் அந்த அக்கா படுக்கவே இல்லையாம். வாசற்படியில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். இரண்டாம் நாள் படுத்தார், தூங்கவில்லை. மூன்றாம் நாள் தூங்கினார். இப்போது தினமும் இரண்டு மணி முதல் அம்மா அங்கேதான் இருக்கிறாள். நாலரைக்கு அவருக்கு மாத்திரை. அந்த அக்காவை எழுப்பாமல் அம்மாவே கொடுத்துவிடுகிறாள்.